மூஞ்சூறுப் புள்ளி

பழைய பத்திரம் ஒன்று கைக்கு வந்தால் சண்முகவடிவு அதை உடனே படிக்க மாட்டாள். முதலில் தாளைச் சும்மா ஒருமுறை பார்ப்பாள். எழுதியவர் எங்கே நிதானமாக இருந்தார், எங்கே அவசரப்பட்டார், எந்த வரியில் மை தீர்ந்து பேனாவை உதறினார் என்றெல்லாம் பார்த்துவிட்டுத்தான் தட்டச்சு செய்ய உட்காருவாள். மயிலாப்பூரில் தெப்பக்குளத்துக்குப் பின்னால் ஒரு மாடியில் இருந்த வக்கீல் விஜயலக்ஷ்மியின் அலுவலகத்தில் மூன்று வருஷமாக அவளுக்கு இதுதான் வேலை. கையால் எழுதிய பழைய பத்திரங்களைக் கோர்ட்டில் தாக்கல் செய்யத் தோதாகத் தட்டச்சு செய்து கொடுக்க வேண்டும்.

"உனக்கு மட்டும் எப்படி இந்தக் கிறுக்கலெல்லாம் புரியறது?" என்று விஜயலக்ஷ்மி கேட்கும்போதெல்லாம் வடிவு சிரித்து மழுப்பிவிடுவாள்.

அந்தத் திங்கட்கிழமை காலையிலும் அப்படித்தான் பார்த்தாள். ஜைதூன் பீயின் வழக்கு அது. அடையாற்றில் ஜைதூன் பீ குடியிருக்கும் ஓட்டு வீட்டை, அவள் கணவர் 1983இலேயே இன்னொருவருக்கு விற்றுவிட்டார் என்று சொல்லி எதிர்த்தரப்பு கோர்ட்டில் ஒரு கிரயப் பத்திரத்தைத் தாக்கல் செய்திருந்தது. அதன் கலர் நகல் மேஜைமேல் இருந்தது. விற்றதாகச் சொல்லப்பட்ட கணவர் இறந்துவிட்டார். வாங்கியவரும் இல்லை, அவருடைய வாரிசிடமிருந்து வாங்கியதாக ஒரு கட்டடக் கம்பெனி வந்து நிற்கிறது. பத்திரம் எழுதியவர் அப்துல் சமத் என்று கடைசிப் பக்கத்தில் பெயரும் உரிம எண்ணும் இருந்தன. அவரும் போய்ச் சேர்ந்து வெகுநாளாயிற்று. பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்றால், அந்த வருஷத்துப் புத்தகம் ஏதோ ஒரு மழையில் ஊறி, பக்கத்தோடு பக்கம் ஒட்டிக் கிடந்தது.

முதல் பக்கத்தில், முத்திரைத்தாளின் அச்சுக்குக் கீழே, இடது ஓரத்தில், கடுகளவுக்குச் சற்றுப் பெரிதாக ஒரு பிள்ளையார் சுழி இருந்தது. அந்த உ-வின் வாலுக்கு அடியில் ஒரு புள்ளி.

வடிவு அந்தப் புள்ளியின்மேல் விரலை வைத்தாள். நகல்தானே, தடவிப் பார்க்க ஒன்றுமில்லை. ஆனாலும் விரலை எடுக்க முடியவில்லை.

அவளுக்கு ஐந்து வயதிருக்கும். சிலேட்டின்மேல் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அப்பா சுழி போட்டுக் காட்டினார். "சாமி வந்தாச்சு. எதுல வந்தாரு? நடந்தா வந்தாரு?" "மூஞ்சூறுல." "அப்போ மூஞ்சூறையும் பக்கத்துல கட்டிப் போடு. இல்லேன்னா ஓடிரும்." அதுதான் அந்தப் புள்ளி. பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் சுழிக்குக் கீழே கோடு போட்டார்கள், சிலர் இரண்டு கோடு போட்டார்கள், சிலர் ஒன்றுமே போடவில்லை. மூஞ்சூறைக் கட்டிப் போட்டவர்கள் இந்த உலகத்திலேயே இரண்டு பேர்தான். இசக்கிமுத்துவும், இசக்கிமுத்துவின் மகளும்.

நகலுக்குப் பக்கத்தில் அவளுடைய அன்றாட நோட்டு திறந்து கிடந்தது. அன்றைய வேலைகளைக் காலையில் வந்ததும் எழுதி வைத்திருந்தாள். பக்கத்தின் தலையில் ஒரு உ, அதன் அடியில் ஒரு புள்ளி. வடிவு நோட்டை மூடி இழுப்பறைக்குள் தள்ளினாள்.

இசக்கிமுத்து தலைமறைவாகிப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது. வேளச்சேரியில் ஒரு காலி மனைக்குப் பொய்ப் பத்திரம் தயாரித்த கும்பலைப் போலீஸ் பிடித்தபோது, தரகர்கள் இரண்டு பேர் மாட்டினார்கள். எழுதிக் கொடுத்தவர் தப்பிவிட்டார். பேப்பரில் நாலே வரியில் வந்தது: 'இசக்கி (57) என்பவரைத் தேடி வருகின்றனர்.' அந்த இசக்கிதான் வடிவின் அப்பா என்று அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. அப்பா எங்கே என்று கேட்டால் ஊரில் என்பாள். திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள் எல்லோருக்கும் ஊர் என்று ஒன்று இருக்கும். யாரும் மேலே கேட்க மாட்டார்கள்.

பதினோரு மணிக்கு ஜைதூன் பீயே வந்துவிட்டாள். எழுபது வயது. படியேறி வந்த மூச்சிரைப்போடு பெஞ்சில் உட்கார்ந்து, பையிலிருந்து எவர்சில்வர் டப்பாவை எடுத்தாள். வக்கீல் ஆபீசுக்கு வெறுங்கையோடு வருவது அவளுக்குப் பழக்கமில்லை.

"இன்னா வடிவு, மூஞ்சி சுண்டிப் போய்க் கீது? துன்னியா இல்லியா?"

"சாப்பிட்டேன்மா."

"பொய்யி. இந்தா, சமோசா. வெங்காயம் வெச்சது." டப்பாவை நீட்டிக்கொண்டே குரலைத் தாழ்த்தினாள். "அந்தப் பத்திரம் வந்துகீதாமே. என் வூட்டுக்காரர் கையெய்த்து அப்பிடியே கீதுன்னு மேடம் சொல்றாங்க."

"ஆமாம்மா. அப்படியேதான் இருக்கு."

"அவரு ஒரு கையெய்த்து போட கால் மணி நேரம் ஆவும். நாக்கை வெளிய நீட்டிக்கினு போடுவாரு. நானு கிண்டல் பண்ணுவேன். அதைப் போய் ஒர்த்தன் உக்காந்து பாத்துப் பாத்து எய்திகீறான் பாரு." அவள் குரல் உயரவில்லை. "அவன் கை புய்த்துப் போவணும். அந்தக் கையால ஒருவாய் சோறு எட்த்துத் துன்ன முடியாம பூடணும். நீ துன்னும்மா, ஆறிடப் போவுது."

வடிவு சமோசாவை எடுத்துக் கடித்தாள். மென்றாள். விழுங்கினாள். வேறு என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

தியாகராய நகரில் உஸ்மான் ரோடுக்குப் பின்னால், இரண்டாம் மாடியில் ஒற்றை அறையும் சமையல்கட்டும்தான் வீடு. வடிவின் அம்மா பேச்சியம்மாள் துணிக்கடைகளிலிருந்து வரும் புடவைகளுக்கு ஃபால்ஸ் தைத்துக்கொண்டிருந்தாள். மிஷின் சத்தம் நிற்கட்டும் என்று வடிவு காத்திருந்தாள்.

"அம்மா, அப்பா எழுதின பத்திரம் ஒண்ணு எங்க ஆபீசுக்கு வந்திருக்கு."

பேச்சியம்மாள் பல்லால் நூலைக் கடித்தாள். "ஒங்கப்பா எத்தனையோ எழுதுனாவ."

"அடையாத்துல ஒரு அம்மா. ஒத்தையா இருக்காங்க. வீட்டை விட்டா அவங்களுக்கு வேற கதி கிடையாது."

"நீ ஒண்ணும் பாக்கல. கண்ணுல தூசி விழுந்துச்சுன்னு நெனச்சுக்க."

"பாத்துட்டேனே."

"பாத்தா? பாத்தா என்ன செய்வ? போயி ஸ்டேஷன்ல சொல்லுவியா, எங்கப்பன் இன்னாருன்னு?" பேச்சியம்மாள் புடவையை மடியிலிருந்து தள்ளினாள். "ஏட்டி, ஒன்னையக் காலேஜில சேத்தது அந்தப் பேனா. எனக்குக் கர்ப்பப்பை எடுத்தப்போ ஆஸ்பத்திரிக்குக் கட்டுனது அந்தப் பேனா. அப்பல்லாம் மணக்கலியோ? இப்போதான் நாறுதோ?"

இதற்கு வடிவிடம் இருந்த ஒரே பதில் அம்மாவுக்குச் சாதகமானது.

பன்னிரண்டு வயதில், கோடை விடுமுறையில், மொட்டை மாடியில் அம்மா வடகம் காயப் போடுவாள். பக்கத்திலேயே இன்னொரு வேட்டியை விரித்து, டீத்தண்ணீரில் நனைத்த தாள்களை அப்பா காயப் போடுவார். காக்கை விரட்டக் குச்சியோடு வடிவு நிழலில் உட்கார்ந்திருப்பாள். இரண்டுக்கும் சேர்த்துத்தான் காவல். "தாள்மேல காக்கா எச்சம் போட்டுறக் கூடாது, தங்கம்" என்பார் அப்பா. வடகத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொன்னதில்லை. எதற்குத் தாளை டீயில் நனைக்கிறார்கள் என்று அவள் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை என்று இத்தனை காலம் நினைத்திருந்தாள். இன்றைக்கு உட்கார்ந்து யோசித்தால், தோன்றியது, கேட்காமல் விட்டோம் என்றுதான் படுகிறது. அந்த வயதிலேயே ஒரு வீட்டில் எதைக் கேட்கக் கூடாது என்று பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடுகிறது. ஒருவேளை அந்த வேட்டியில் காய்ந்த தாள்களில் ஒன்றுதான் இப்போது ஜைதூன் பீயின் வீட்டின்மேல் வந்து விழுந்திருக்கிறதோ என்னவோ.

செவ்வாய்க்கிழமைகளில், விளக்கேற்றும் நேரத்தில், பேச்சியம்மாளின் போன் அடிக்கும். ஒவ்வொரு தடவையும் புது நம்பர். அப்போதெல்லாம் வடிவு மாடிக்குப் போய்விடுவாள்; பதினான்கு மாதத்தில் ஒருமுறைகூட அப்பாவோடு பேசியதில்லை. இந்தச் செவ்வாய்க்கிழமை அவள் மாடிக்குப் போகவில்லை. கையை நீட்டினாள். அம்மா அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனைக் கொடுத்தாள்.

"அப்பா."

அந்தப் பக்கம் காற்றுச் சத்தம் கேட்டது.

"வடிவா?"

"உங்களைப் பாக்கணும். நான் மட்டும்தான் வருவேன்."

"கூட யாரும் இல்லியே?"

"நான் மட்டும்தான்னேன்ல."

மறுநாள் காலை ஆறு மணி பஸ்ஸில் அவள் பெசன்ட் நகரில் இறங்கி, போனில் அவர் சொன்ன அடையாளப்படி ஊரூர் ஒல்காட் குப்பத்துக்குள் நடந்தாள். பம்பாய், கேரளா, ஆந்திரா என்று எங்கெங்கோ அப்பாவைக் கற்பனை செய்து வைத்திருந்தாள். இங்கேயிருந்து ஜைதூன் பீயின் வீடு ஆட்டோவில் பத்து நிமிஷம்கூட ஆகாது.

கரையேற்றிய படகு ஒன்றின் நிழலில் இசக்கிமுத்து உட்கார்ந்திருந்தார். தாடி வெளுத்திருந்தது. மீன் கூடையோடு போன ஒரு பெண் அவரைப் பார்த்து, "ரைட்டர் ஐயா, சாய்ங்காலம் வர்றேன், என் பென்ஷன் மனுவ எய்தி வெச்சிடு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

"மனு எழுதிக் கொடுக்கிறேன்" என்றார் அவர், மகள் கேட்காமலேயே. "ரேஷன் கார்டு, பென்ஷன், புள்ளைங்க சர்டிபிகேட்டு. எல்லாம் நெசம். பொய் ஒண்ணும் கெடையாது."

வடிவு மணலில் உட்கார்ந்தாள். எப்படி ஆரம்பிப்பது என்று பஸ்ஸில் ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோனது.

"அடையாறு. 1983. எழுதினவர் பேர் அப்துல் சமத்."

அவர் கடலைப் பார்த்தார்.

"எங்க மேடம்தான் அந்த அம்மாவுக்கு வக்கீல்."

"அந்தக் கையெழுத்தை எவனாலயும் கண்டுபிடிக்க முடியாது வடிவு" என்றார். பெருமையா சமாதானமா என்று சொல்ல முடியாத குரல். "சமத் பாய் எழுதுன பத்திரம் ஏழெட்ட வச்சிக்கிட்டு மூணு மாசம் பழகினேன். அவரு 'ன'வும் என் 'ன'வும் பக்கத்துல வச்சா அவரே திணறிருவாரு."

"கையெழுத்தை யாரும் கண்டுபிடிக்கல."

"பின்னே?"

"மூஞ்சூறு."

அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது முகம் மாறியது. வலது கையைத் தூக்கி, ஏதோ இன்னொருவர் கையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"போட்டிருக்கனா?"

"போட்டிருக்கீங்க. முதல் பக்கத்துல."

"பாய் எழுதுன பத்திரம்னு பேரு. அவரு தலைப்புல எப்பவும் 786தான் போடுவாரு. அது எனக்கு நல்லாத் தெரியும். தெரிஞ்சும்..." அவர் சிரிக்க ஆரம்பித்தார். சத்தம் வராத சிரிப்பு. கண்ணில் நீர் வந்த பிறகும் நிற்கவில்லை. "சாமி கும்பிடாம பேனாவ எடுத்ததில்ல. திருடப் போறப்பவும் கும்பிட்டிருக்கேன் பாரு. கை தன்னாலயே போட்டிருக்கு. தரகன் பாத்தான், வக்கீலு பாத்தான், கோர்ட்டுல குமாஸ்தா பாத்திருப்பான். ஒருத்தனுக்கும் கண்ணுல படல."

"எல்லார் கண்ணுக்கும் பழகினது. அதான் படல."

ஒரு படகு கரைக்கு வந்தது. ஆட்கள் ஓடினார்கள். அந்த இரைச்சல் அடங்கியது.

"சரி" என்றார் இசக்கிமுத்து. "ஒரு வழி இருக்கு. பாய் எழுதுன பத்திரத்துல எப்படிப் பிள்ளையார் சுழி வரும்னு மட்டும் ஒங்க மேடம்கிட்ட கேளு. அது போதும். அந்தம்மா வீடு அந்தம்மாவுக்கு. போட்டது யாருன்னு நீ சொல்ல வேண்டாம். ஒனக்குத் தெரியவும் வேண்டாம்."

நேற்று முழுக்க வடிவு யோசித்ததும் இதைத்தான். எவ்வளவு சுலபமான வழி. யாருக்கும் துரோகம் இல்லை. அம்மா பேச மாட்டாள் என்ற பயமில்லை. ஜைதூன் பீ சமோசா கொண்டுவந்துகொண்டே இருப்பாள், வடிவு தின்றுகொண்டே இருப்பாள். அந்த இடத்தில்தான் அவளால் மேலே யோசிக்க முடியாமல் போனது. அந்தச் சமோசாவை இனி ஒருநாள்கூட விழுங்க முடியாது.

"மொத்தம் எத்தனை வீடுப்பா?"

அவர் மணலில் விரலால் கோடு போட்டார்.

"அப்பா."

"பதினொண்ணு. வீடும் மனையுமா."

"அதுலயெல்லாம் மூஞ்சூறு இருக்குமா?"

"தெரியலம்மா. இதுலயே போட்டேன்னு இப்போதானே தெரியுது."

"இன்னும் பத்துப் பேர் எங்கேயோ உக்காந்து, அவன் கை புழுத்துப் போகணும்னு சொல்லிக்கிட்டு இருப்பாங்க. அந்தம்மா சொன்னாங்க. எனக்குச் சமோசா கொடுத்துக்கிட்டே சொன்னாங்க. நானும் தின்னேன்." வடிவு அவர் பக்கம் திரும்பினாள். "நாளைக்குப் பத்தரை மணிக்கு மேடம்கிட்ட எல்லாத்தையும் சொல்லப் போறேன். சுழியையும் சொல்வேன், போட்டது யாருன்னும் சொல்வேன். மறைஞ்சு போய்ச் சொல்லக் கூடாதுன்னுதான் முதல்ல உங்ககிட்ட வந்தேன். இன்னைக்கு ராத்திரியே நீங்க வேற எங்கயாவது போயிடலாம். நான் தடுக்கல. ஆனா நீங்களே வந்தா நல்லாருக்கும்."

"பெத்த அப்பனப் புடிச்சுக் குடுத்தவன்னு ஊரே பேசும்."

"அந்த அப்பன்கூடவே நடந்து போனவன்னு பேச வைக்கலாம்ல. அது உங்க கையிலதான இருக்கு."

அவர் எழுந்து போனார். போயே விட்டார் என்று நினைத்தாள். கொஞ்ச நேரத்தில் வாழையிலையில் இரண்டு ஆப்பத்தோடு திரும்பி வந்தார். "வெறும் வயித்தோட வந்திருப்ப" என்றார். அவள் தின்று முடிக்கும்வரை பக்கத்தில் நின்றிருந்தார். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை பத்தரை மணிக்கு அலுவலகத்தின் படியில் யாரும் ஏறி வரவில்லை. பத்து நாற்பதுவரை வடிவு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஜைதூன் பீயின் ஃபைலை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனாள்.

ஃபைலில் இரண்டு பத்திரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஒன்று, ஜைதூன் பீயின் கணவர் அந்த வீட்டை வாங்கிய 1971ஆம் வருஷத்து மூலப் பத்திரம்; நிஜ அப்துல் சமத் எழுதியது. அதன் தலையில் 786 என்று இருந்தது. இன்னொன்றைக் காட்டி விரலை வைத்தாள்.

விஜயலக்ஷ்மி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.

"இதைப் பதினஞ்சு தடவை படிச்சிருக்கேன்டி. உ போட்டிருக்கான்னு மனசு பாட்டுக்குத் தாண்டிப் போயிண்டே இருந்திருக்கு." அவள் முகத்தில் சந்தோஷம் எழுந்தது. "எப்படிக் கண்டுபிடிச்சே?"

வடிவு தன் நோட்டை எடுத்து, போன வாரத்துப் பக்கம் ஒன்றைத் திறந்து, நகலுக்குப் பக்கத்தில் வைத்தாள். சுழி, அதன் அடியில் புள்ளி.

"இது எங்கப்பா சொல்லிக் கொடுத்தது மேடம். அதுவும் எங்கப்பா போட்டது."

விஜயலக்ஷ்மி மேஜைமேலிருந்த இரண்டு தாளையும் மாறி மாறிப் பார்த்தாள். வடிவு எல்லாவற்றையும் சொன்னாள். வேளச்சேரி வழக்கு, பேப்பரில் வந்த நாலு வரி, மொட்டை மாடி வேட்டி, நேற்றுக் காலை கடற்கரை. அப்பா இருக்கும் இடத்தைச் சொல்ல வாயெடுத்தபோது விஜயலக்ஷ்மி கையைத் தூக்கித் தடுத்தாள்.

"அதை என்கிட்ட சொல்லாதே. போலீஸ் கேட்பா, அப்போ சொல்லணும்."

"சொல்வேன் மேடம்."

"செவ்வாய்க்கிழமைலேர்ந்து உன் நோட்டுல சுழியே இல்லை. உடம்பு சரியில்லையோன்னு நெனச்சேன்." நோட்டை மூடினாள். "வேலைக்குச் சேர்றச்சே உங்கப்பா என்ன பண்றார்னு கேட்டேனே. பத்திரம் எழுதறார்னு ஏன் சொல்லலை?"

"சொன்னா வேலை போயிடும்னு பயம்."

"போயிருக்கும். பொய் சொல்லுவேனா, அப்போ நிச்சயம் போயிருக்கும்."

"இப்போ?"

"இப்போ இந்த ஃபைலை இனிமே நீ தொடப்படாது. உன் ஸ்டேட்மென்ட் ஒண்ணு வேணும். மத்ததுக்கெல்லாம் நேக்கே இன்னும் தெரியலை. காபி சாப்பிடறியா?"

காபி வருவதற்குள் ஜைதூன் பீயை வரச் சொல்லி விஜயலக்ஷ்மி போன் செய்தாள். பன்னிரண்டு மணிவாக்கில் ஜைதூன் பீ வந்து வெளியறை பெஞ்சில் உட்கார்ந்தபோது வடிவு தன் மேஜையிலிருந்து எழுந்து நின்றாள். சொல்லிவிட வேண்டும், மேடம் சொல்வதற்கு முன்னால் தானே சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தாள். அப்போது படியில் செருப்புச் சத்தம் கேட்டது. இடது காலை இலேசாக இழுத்து வைக்கும் சத்தம்.

இசக்கிமுத்து தாடியை மழித்திருந்தார். துவைத்த சட்டை. கையில் ஒரு பிளாஸ்டிக் பை. மகளை ஒருமுறை பார்த்துவிட்டு, பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தார்.

"கேஸ் வெசயமா வந்துகீறியா நைனா?" என்றாள் ஜைதூன் பீ. "குந்து. மேடம் உள்ள போன்ல பேசிக்கினு கீறாங்க. இந்தா, ஒண்ணு எட்த்துக்க." டப்பாவைத் திறந்து நீட்டினாள்.

"நீங்கதான் ஜைதூன் பீயா?"

"ஆமா. உனுக்கு எப்டித் தெரியும்?"

அவர் எழுந்து நின்றார்.

"ஒங்க வீட்டுக்குப் பொய்ப் பத்திரம் எழுதுனவன் நான்தாம்மா. முதல்ல அதச் சொல்லிப்புடுதேன். அதுக்குப் பெறகும் குடுக்கணும்னு தோணுச்சுன்னா குடுங்க."

ஜைதூன் பீயின் கையில் டப்பா அப்படியே நின்றது. அவள் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தாள். வலது கையை.

"இந்தக் கையா?"

"ஆமாம்மா."

அவள் டப்பாவை மூடினாள். பிறகு மெதுவாக வடிவு பக்கம் திரும்பினாள். இருவரின் மூக்கும் நெற்றியும் ஒன்றுபோல இருப்பது யாரும் எடுத்துச் சொல்லித் தெரிய வேண்டிய விஷயமில்லை.

"உங்கப்பாவா?"

"ஆமாம்மா."

"அதான் திங்கக்கெயமையே மூஞ்சி சுண்டிப் போய் குந்திகினு இர்ந்தியா" என்றாள். டப்பாவைப் பெஞ்சிலேயே வைத்துவிட்டு உள்ளறைக்குப் போனாள்.

இசக்கிமுத்து பையிலிருந்து நாலு தாளை எடுத்து வடிவின் மேஜைமேல் வைத்தார். பார்த்து எழுத மூலப் பத்திரம் எங்கே கிடைத்தது, யார் எழுதச் சொன்னார்கள், எந்தத் தெரு, எந்த வருஷத்து முத்திரைத்தாள் என்று பதினோரு இடங்களையும் ஒவ்வொன்றாக எழுதியிருந்தார். அடித்தல் திருத்தல் இல்லை. யாருடைய 'ன'வும் இல்லை, அவருடைய சொந்த 'ன'. முதல் தாளின் தலையில் சுழியும் புள்ளியும் இருந்தன. வடிவு கடைசித் தாளைத் திருப்பினாள். பத்திரங்களில் எழுதியவர் பெயர் வரும் அந்தக் கீழ் மூலையில், அவள் வாழ்நாளில் முதல்முறையாக, 'எழுதியவர்: இசக்கிமுத்து' என்று இருந்தது.

"பத்தரைக்கே வந்துட்டேன்" என்றார் அவர் தணிந்த குரலில். "கீழ டீக்கடையில நின்னேன். ஏற முடியல. ஒங்கம்மாவுக்குப் போன் பண்ணேன்."

"அம்மா என்ன சொன்னாங்க?"

"கொஞ்ச நேரம் மிஷின் சத்தம்தான் கேட்டுச்சு. பெறகு, சட்டைய மாத்திக்கிட்டுப் போங்கன்னா."

விஜயலக்ஷ்மி வெளியே வந்து தாள்களை நின்றபடியே படித்தாள். "நான் உங்களுக்கு ஆஜராக முடியாது, புரியறதா? ஜைதூன்மா என் கட்சிக்காரர்" என்றாள். கிரிமினல் வழக்குகள் பார்க்கும் தன் நண்பர் பாலகணேஷுக்குப் போன் செய்தாள். அவர் முக்கால் மணி நேரத்தில் வந்து, இசக்கிமுத்துவிடம் தனியாகப் பேசிவிட்டு, சரணடைய அழைத்துக்கொண்டு போனார். படியிறங்கும்போது வடிவும் கூடவே தெருமுனைவரை நடந்தாள். ஆட்டோவில் ஏறும்போது அவர் அவள் தலையில் கை வைத்தார். அந்தக் கை கனமாகவும் சூடாகவும் இருந்தது.

அவள் திரும்பி மேலே வந்தபோது ஜைதூன் பீ பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். டப்பா அவள் மடியில் இருந்தது. வடிவு எதிரே போய் நின்றாள். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று தோன்றியது.

"ஜட்ஜி கேட்டா, உள்ளதை உள்ளபடி சொல்வாரா உங்கப்பா?"

"சொல்வார்மா."

"எனுக்கு வயிறு எரியுது. பொய் சொல்லக்கூடாது. ரெண்டு வருசமா நானு தூங்கல. அதுக்கு அவர் ஜெயிலுக்குப் போவட்டும், நானு பாவம் பாக்க மாட்டேன்." டப்பாவைத் திறந்தாள். "நீ ஒண்ணும் துன்னாம நின்னுகினு கீற. ஆறிப் பூட்ச்சு. பரவால்ல, துன்னு."

வடிவு அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். சமோசா ஆறிப்போய்த்தான் இருந்தது. இந்தத் தடவை அதை முழுக்கத் தின்றாள்.

ஜைதூன் பீ ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டே, யாரிடமோ கோபித்துக்கொள்வதுபோலக் கேட்டாள்:

"ஜெயில்ல வெளிச் சாப்பாடு உள்ள வுடுவாங்களா?"

"தெரியலைம்மா. கேட்டுச் சொல்றேன்."

ஜைதூன் பீ போன பிறகு வடிவு தன் மேஜைக்கு வந்து நோட்டைத் திறந்தாள். வியாழக்கிழமையின் பக்கம் இன்னும் வெறுமையாகக் கிடந்தது. தலைப்பில் சுழி போட்டாள். பேனாவை எடுக்காமல் ஒரு கணம் வைத்திருந்துவிட்டு, அடியில் புள்ளியும் வைத்தாள். அதற்குக் கீழே எழுதினாள்: 'ஜெயிலில் வெளிச் சாப்பாடு. பாலகணேஷ் சாரிடம் கேட்க வேண்டும்.'